தோளுக்குக் கீழே எல்லாம் வேலை செய்யும்

எங்கள் குடும்பத்தில் அவளை ஏணி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாள். எங்கள் வீட்டு வாசலில் தலையைக் குனிந்து நுழைகிற ஒரே பெண்பிள்ளை அவள்தான். பரண்மேல் இருக்கிற பெட்டியை இறக்க வேண்டுமா, மின்விசிறியைத் துடைக்க வேண்டுமா, மாடிவீட்டுக்காரி கொடியிலிருந்து துணி பறந்து வந்து சன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டதா, உடனே ஒரு குரல் கேட்கும்: "ஏணியக் கூப்பிடு."

அவளுடைய அம்மாவும் நானும் ஒரே தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள். அந்த வழியில் நான் அவளுக்குச் சித்தி. பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன் என் அக்காள் மகன். அந்த வழியில் நான் அவளுக்குச் சின்ன மாமியார், அதாவது அத்தை. இரண்டு முறையையும் அவள் விட்டுவிடவில்லை. மனசு நன்றாக இருந்தால் சித்தி என்பாள். சண்டைக்கு நிற்கிறாள் என்றால் அத்தை என்பாள். அவள் வாசலில் நுழையும்போது எந்தச் சொல் வருகிறது என்று கேட்டாலே போதும், அன்றைக்கு வீட்டில் வெயிலா மழையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஊரில் இருக்கிற விடுதிகளின் விரிப்பும் தலையணை உறையும் துண்டும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை. ஈரம் போன விரிப்பை அதற்குள் விட்டால் மறுபக்கம் அப்பளம் மாதிரிச் சூடாக, சுருக்கமில்லாமல் வெளியே வரும். அதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து மடிக்க வேண்டும். ஒருத்தி தன் முனைகளைத் தலைக்கு மேலே தூக்குவாள். மற்றவள் கீழ் ஓரத்தை ஏந்திக்கொண்டு நடந்து வந்து அவள் கையில் சேர்ப்பாள். பிறகு தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுப்பாள். விரிப்பு தரையைத் தொடவே கூடாது. தொட்டால் மறுபடியும் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், பேச்சே கிடையாது.

அங்கே இரண்டிரண்டு பேராகத்தான் வேலை. ஒருத்தி இன்னொருத்தியோடு சேர்ந்துவிட்டால் வருஷக்கணக்கில் அதுதான் ஜோடி. ஜோடி மாறினால் கல்யாணம் முறிந்த மாதிரி ஊரெல்லாம் பேசுவார்கள். ஏணியின் ஜோடி உயரத்தில் அவளுக்கு நேர் எதிர். ஏணியின் மார்பளவுக்கு வருவாள், அவ்வளவுதான். ஆனால் வாய் மட்டும் உருளையை விடப் பெரிசு. அவளுக்கு முக்காலி என்று பேர் வைத்தவர்கள் யாரென்று தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். ஏணி தூக்குவாள், முக்காலி ஏந்துவாள். அவர்கள் மடிக்கிறபோது பார்த்தால் ஏதோ இரண்டு பேர் கைகோத்து ஆடுகிற மாதிரி இருக்கும்.

அடிபட்டது எப்படி என்றால், அதுவும் அவளுடைய உயரத்தால்தான். அங்கே கூரையை ஒட்டி ஒரு தண்டவாளம் ஓடும். அதில் கொக்கி மாட்டி ஈரத்துணிப் பைகள் தொங்கிக்கொண்டே நகரும். ஒரு பை அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அந்தக் கொக்கியைச் சரிபண்ணச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. சரிபண்ணுவதை விடச் சுலபமான வழி அவர்களிடம் இருந்ததே, "ஏணியக் கூப்பிடு!" அவளும் போய்க் கையை எட்டி, கொக்கியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவாள். அன்றைக்குத் தட்டியதும் பை மொத்தமும் கழன்று கீழே வந்தது. கையை எடுக்க நேரமில்லை. ஈரத்துணியின் கனம் தெரியுமல்லவா? தோளைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

உள்ளே தசைநார் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கைப்பயிற்சி. சுவரில் விரலை வைத்து எறும்பு ஊர்கிற மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும். தோள் மட்டத்துக்கு வரும் வரை நன்றாக ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. தலை வார முடியாது. என் அக்காதான் மருமகளை நாற்காலியில் உட்கார வைத்து வாரிவிடுவாள். "உக்காந்தாலும் ஒசரமாத்தான் இருக்க. நான்தான் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டே வாருவாள்.

பயிற்சி கொடுத்த பெண் நல்ல கெட்டிக்காரி. கடைசி நாளில் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தபோது அவள் சொன்னதை ஏணி என்னிடம் அப்படியே சொன்னாள்.

"அக்கா, இதுல ரெண்டு விஷயம் எழுதியிருக்கு. தோளுக்கு மேல கை தூக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அது ஒண்ணு. மத்த வேலை எல்லாம் செய்யலாம். அது இன்னொண்ணு. உங்க ஆளுங்க முதல் வரியப் படிச்சிட்டு மூடி வச்சிருவாங்க. ரெண்டையும் படிக்கச் சொல்லுங்க. வேலை செய்யற இடத்துல அடிபட்டவங்க நீங்க. உங்களால முடியற வேலை இருக்கான்னு பாக்காம அவங்க உங்கள அனுப்பக் கூடாது. அனுப்பினா நேரா தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்க."

அந்தப் பெண் சொன்னது அச்சு மாறாமல் நடந்தது. சலவைக்கூடத்துச் சூப்பர்வைசர் முதல் வரியைப் படித்தார், சீட்டை மடித்தார்.

"முழுசா சரியானதும் வாம்மா."

"இதுக்கு மேல சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். கை இவ்வளவுதான்."

"அப்ப வேலையும் இவ்வளவுதான்."

"கீழ ரெண்டாவது வரிய..."

"நீ மடிக்கிறவ. மடிக்கிறவளுக்குக் கை மேல போகணும். இதுல படிக்க என்ன இருக்கு?" என்றவர் மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று தட்டெழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"எனக்கு அப்படி விருப்பமே இல்லையே சார்" என்றாள் ஏணி. கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் வரும்போதே "அத்தை!" என்றாள். சரி, இன்றைக்கு மழைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. அவள் புருஷன், என் அக்காள் மகன், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நல்லவன்தான், ஆனால் எதையும் ஒட்டுப்போட்டு ஓட்டிவிடலாம் என்கிற ஜாதி.

"நல்லா ஆயிருச்சுன்னு சொல்லிட்டுப் போயிரு. வலிச்சா பல்லக் கடிச்சிக்கோ."

"ஒரு நாள் கடிக்கலாம். தினமுமா? தையல் பிரிஞ்சா அப்புறம் ஒண்ணுக்குமே ஆகாது."

என் அக்காவுக்கு வேறு யோசனை. "ஒண்ணுமே முடியலன்னு எழுதிக் குடுத்துட்டு, அவன் குடுக்கறத வாங்கிட்டு வீட்ல இரு. உழைச்சது போதும்."

"ஒண்ணுமே முடியலன்னு எப்படிச் சொல்றது? முடியுதே! இந்தா பாருங்க." கையை முன்னால் நீட்டினாள். பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையை இடுப்பளவுக்குத் தூக்கிக் காட்டப் போனாள். "ஐயோ, கனம் தூக்காத!" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நல்லா இருக்குன்னா அது பொய். ஒண்ணும் முடியாதுன்னா அதுவும் பொய். எனக்குத் தோளுக்கு மேலதான் கோளாறு. தோளுக்குக் கீழ எல்லாம் வேலை செய்யும். அந்தக் கீழ இருக்கறதுக்கு வேலை குடுன்னு கேக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல."

மறுநாளே தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். கூடப் போனது நான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு நடுவயது அம்மா. நல்ல ஜலதோஷம், கைக்குட்டையை விடவே இல்லை. ஒரு பக்கம் நானும் ஏணியும், எதிர்ப்பக்கம் சூப்பர்வைசர். முதலாளி வரவில்லை. சூப்பர்வைசர் நன்றாகச் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"எங்ககிட்ட உக்காந்து செய்யற வேலையே கிடையாது மேடம். எல்லாம் நின்னு, கையத் தூக்கிச் செய்யற வேலை. எனக்கு மட்டும் பாவமா இல்லையா? இருந்தாக் குடுக்க மாட்டேனா?"

இதைக் கேட்டதும் எனக்கு உள்ளே கொதித்தது. ஏனென்றால் அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை இருந்தது. அதைச் செய்கிற ஆளை எனக்கு அவன் வம்சத்தோடு தெரியும். அவன் அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்துப் பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்டார்கள். இளைய தாரத்துக்கு ஒரு பெண், ஒரு பையன். அந்தப் பெண்ணைத்தான் சூப்பர்வைசர் கட்டியிருந்தார். அந்தப் பையன்தான் இவன். இவன் அம்மாவின் அக்காள் மகள் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள். அதனால் இவன் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதும், அக்காள் புருஷனான சூப்பர்வைசர் இவனுக்காக ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்ததும் எனக்கு அப்போதே தெரியும். ஒவ்வொரு விடுதியின் விரிப்புக்கும் மூலையில் ஒரு நிறத்தில் நூல் தைத்திருக்கும். இவன் உட்கார்ந்தபடியே அந்த மூலையைத் திருப்பிப் பார்த்து, எந்த நிறமோ அதற்கு உரிய தள்ளுவண்டியைச் சத்தமாகச் சொல்வான். அங்கிருந்த பெண்கள் அவனுக்கு நாற்காலி மச்சான் என்று பேர் வைத்திருந்தார்கள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கு அடியில் ஏணி என் காலை மிதித்தாள். நீளமான கால், எங்கிருந்தாலும் எட்டும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அந்த அம்மா அவளைக் கேட்டார்.

"மடிக்கிற வேலையே என்னால செய்ய முடியும் மேடம். ஒரு சின்ன மாத்தம் பண்ணினாப் போதும். என்னை உள்ள விட்டாச் செஞ்சு காட்டறேன்."

அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. நானே வந்து பாக்கறேன். வேலை நடக்கறப்போ வருவேன்" என்று தேதி சொன்னார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி என்னைத் தடுத்த? அந்த நாற்காலிய ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்குமே!"

"முடிஞ்சிருக்கும் அத்தை. அடுத்த நாளே அந்த ஆள நாற்காலியிலருந்து எழுப்பி நிக்க வச்சிருப்பாங்க. அவரு இடுப்பு நிஜமாவே ஒடிஞ்ச இடுப்பு. அதக் காட்டிக் குடுத்து என் தோளுக்கு வேலை வாங்கறதா?"

"அவன் உனக்காக வாயத் திறந்தானா?"

"இல்ல. அதுக்கு?"

அத்தை என்று சொன்னாளே, அதிலேயே தெரிந்துவிட்டது, இனி பேசிப் பயனில்லை என்று. கையில் இருந்த துருப்பை வீசிவிட்டு வந்துவிட்டாளே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

சின்ன மாற்றம் என்றாளே, அது என்ன என்று அவளுக்கே அப்போது முழுசாகத் தெரியாது. முக்காலிதான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அக்காவின் படுக்கை விரிப்பை உருவினாள்.

"இத்தன வருஷம் நீ தூக்கின, நான் ஏந்தினேன். இப்ப நான் தூக்கறேன், நீ ஏந்து."

"நீ தூக்கினா அது முட்டிக்குத்தான் வரும்" என்றான் ஏணியின் புருஷன்.

"இவளக் கட்டினவன்னு பாக்கறேன், இல்லன்னா உன்னை இந்த விரிப்புல சுத்தி உருளைக்குள்ள விட்டிருப்பேன்."

தூக்கிப் பார்த்தாள். அவன் சொன்னதுதான் நடந்தது, விரிப்பு தரையைப் பெருக்கியது. பிறகு நாற்காலியில் ஏறி நின்று தூக்கினாள். நாற்காலி ஆட, விரிப்போடு சேர்ந்து கட்டிலில் போய் விழுந்தாள். நல்லவேளை, அக்கா அப்போதுதான் கட்டிலை விட்டு எழுந்திருந்தாள். பழக்கடைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் நின்றாள். இப்போது விரிப்பு தரையைத் தொடவில்லை. ஆனால் முக்காலியின் கை ரொம்ப மேலே போய்விட்டது. ஏந்தியதைக் கொண்டுபோய் அவள் கையில் சேர்க்க ஏணி தோளுக்கு மேல் எட்ட வேண்டியிருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டி ஒசரம் ஜாஸ்தி. தரை ஒசரம் கம்மி. நடுவுல ஒண்ணு வேணும்" என்றாள் முக்காலி.

நடுவில் ஒன்று சலவைக்கூடத்தின் பின்பக்கமே கிடந்தது. சோப்புத்தூள் மூட்டைகள் மரச் சட்டங்கள் அடித்த தட்டுகளின் மேல் வந்து இறங்கும். மூட்டையை எடுத்துவிட்டுத் தட்டைச் சுவரோரம் எறிந்துவிடுவார்கள். காவலாளியிடம் அடுப்புக்கு என்று கேட்டு ஒன்றை முக்காலி தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பல்லைக் கடித்துக்கொள் என்று சொன்ன அதே புருஷன்தான் ரம்பத்தை எடுத்தான். அறுத்தான், ஆணி அடித்தான், முக்காலியை ஏற்றி நிறுத்திப் பார்த்தான், மறுபடியும் அறுத்தான். ஆடுகிறதா என்று தானே ஏறிக் குதித்துப் பார்த்தான். பணிமனையில் பேருந்துக்குக் கூட அவன் இவ்வளவு பார்த்திருக்க மாட்டான்.

இப்போது முக்காலி தூக்கினால் விரிப்பு தரைக்கு ஒரு கை உயரத்தில் நின்றது. அவள் கையை மார்புக்கு இறக்கினால் அது ஏணியின் தோளுக்குச் சரி மட்டம். ஏணி கீழ் ஓரத்தை ஏந்திக்கொண்டு நடந்தாள். தோள் வரைக்கும் வந்தாள், முக்காலியின் கையில் சேர்த்தாள், குனிந்து மடிப்பை எடுத்தாள். வீட்டில் இருந்த விரிப்பு, போர்வை, மேசைத்துணி எல்லாவற்றையும் மடித்துத் தள்ளினார்கள். மாடிவீட்டுக்காரி படியில் நின்று பார்த்துவிட்டு, தன் வீட்டுத் துணியையும் கொண்டுவந்து போட்டாள்.

அதிகாரி வருகிற நாளுக்கு முதல்நாள் அழுக்குத் துணி வண்டிக்குள் வைத்து முக்காலி அந்தத் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டாள். "மாட்டினா உன் வேலையும் போயிருமேடி" என்று நான் கேட்டதற்கு, "போனா ரெண்டு பேரும் மாடிவீட்டுத் துணிய மடிச்சுப் பிழைக்கறோம் பெரியம்மா" என்றாள்.

அன்று உள்ளே நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் பார்த்த அத்தனை பேரும் தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு தாங்காமல் கதை நின்று நின்று வந்தது.

சூப்பர்வைசர் காலையிலேயே மச்சானின் மேசையையும் நாற்காலியையும் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலையே இல்லை என்று சொல்லியாகிவிட்டதே! மச்சானைக் கொண்டுபோய் மடிக்கிற வரிசையில் நிறுத்தினார்.

"அத்தான், எனக்கு இடுப்பு..."

"கொஞ்ச நேரம்டா. அந்தம்மா போற வரைக்கும். சும்மா ரெண்டு முனையப் பிடிச்சிட்டு நில்லு."

அதிகாரி அம்மா வந்தார். ஏணியும் கூடவே உள்ளே வந்தாள். சூப்பர்வைசர் கையை விரித்து, "பாத்துக்கோங்க மேடம். எங்க பாத்தாலும் நின்னுக்கிட்டுதான். ஒரு நாற்காலி கண்ல படுதா?" என்றார்.

அந்த அம்மா வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து, சரியாக மச்சானுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உருளையிலிருந்து ஒரு விரிப்பு வந்தது. எதிரே இருந்தவள் தன் முனைகளைப் பிடித்துக்கொண்டாள். மச்சானும் பிடித்தான். பிடித்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு கையிலும் இரண்டு முனையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் வருஷக்கணக்காக அவன் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நூல் இருக்கிற மூலை கைக்கு வந்ததும் இடதுகை மற்ற முனையைத் தானாக விட்டுவிட்டது. மூலையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான், திருப்பிப் பார்த்தான், கூடம் அதிர ஒரு குரல் கொடுத்தான்:

"நீலம்! ரெண்டாம் வண்டி!"

விரிப்பு பொத்தென்று தரையில் விழுந்தது. அதில் பாதி அந்த அம்மாவின் செருப்பின் மேல் விழுந்தது. குரல் கேட்ட பழக்கத்தில் இரண்டாம் வண்டிக்காரியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த அம்மாவுக்கு முன்னாலேயே நிறுத்தினாள். துவைக்கிற பக்கத்திலிருந்து யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று கேளுங்கள்.

"நீலம்னா என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

மச்சான் சூப்பர்வைசரைப் பார்த்தான். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நூல் நிறம் மேடம். பாத்துச் சொல்றதுதான் என் வேலை."

"நின்னுக்கிட்டா?"

"இல்ல மேடம், உக்காந்துதான். நிக்கறது இன்னைக்கு மட்டும்தான். எனக்கு இடுப்புல அடி. இப்பவே உயிர் போகுது. நாற்காலியக் கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு அப்புறம் அவருக்கு ஜலதோஷமே இல்லாத மாதிரிப் பேசினார் என்று சொன்னார்கள்.

"இவருக்கு அடிபட்டப்போ இவரால முடிஞ்ச வேலையக் குடுத்திருக்கீங்க. நல்ல காரியம். இந்தம்மாவுக்கும் இங்கேயேதான் அடிபட்டிருக்கு. இவங்களுக்கு ஏன் தேடிப் பாக்கல?"

சூப்பர்வைசருக்கு அவமானம். மச்சான் மேல் பாய்ந்தார். "இனிமே நீயும் நின்னுதான்டா செய்யணும். நாற்காலியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

அப்போதுதான் ஏணி வாயைத் திறந்தாள். "மேடம், அந்த நாற்காலிய எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லணும். அவருக்கு அது சொந்தத்துக்காகக் குடுத்ததா இருக்கலாம். ஆனா அவருக்கு வேண்டியதுதான் கிடைச்சிருக்கு. எனக்கு அவரு இடம் வேண்டாம். என் இடம்தான் வேணும்."

"நீங்க ஏதோ செஞ்சு காட்டறதாச் சொன்னீங்களே" என்றார் அதிகாரி.

முக்காலி இதற்காகவே காத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பின்னால் ஓடி மரத்தட்டை இழுத்து வந்து போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். "ஐயோ, நீங்கல்லாம் இவ்வளவு குட்டையா?" என்றாள்.

உருளையிலிருந்து விரிப்பு வந்தது. முக்காலி தூக்கினாள். வெள்ளை விரிப்பு சடாரென்று விரிந்து மேலே போனது. ஏணி கீழ் ஓரத்தை ஏந்திக்கொண்டு நடந்தாள். தோள் வரைக்கும் போனாள், சேர்த்தாள், குனிந்தாள், எடுத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. மாதக்கணக்கில் பிரிந்திருந்த ஜோடி மாதிரியே இல்லையாம். தரையை எதுவும் தொடவில்லை. பக்கத்து ஜோடியின் அடுக்கை விட இவர்கள் அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. மடிப்புகளில் நூல் மூலை எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றது. தரையில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருந்த மச்சான், தன்னையறியாமல், "சிவப்பு, முதல் வண்டி... மஞ்சள், மூணாம் வண்டி..." என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

சத்தம் கேட்டு முதலாளி அலுவலக அறையிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டார், மரத்தட்டைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இந்தக் கட்டைக்கா இவ்வளவு கலாட்டா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். "பின்னால மலை மாதிரிக் கிடக்கேய்யா!"

அதிகாரி அம்மா விட்டுவிடவில்லை. வாய்வார்த்தையாக இல்லாமல், ஏணியை அவள் வேலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், தோளுக்கு மேல் எதையும் எடுக்கச் சொல்லக் கூடாது, வீட்டில் உட்கார வைத்த நாளுக்கு உண்டானதையும் கொடுக்க வேண்டும், மச்சானின் நாற்காலி இருந்த இடத்துக்கே போக வேண்டும் என்று உத்தரவாகவே போட்டுவிட்டுப் போனார். போகிற வழியில் நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "அந்தக் கொக்கியையும் சரிபண்ணிடுங்க" என்றார்.

நான் வீட்டில் வேலை ஓடாமல், வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்து, "உக்காரேன்டி, தரை தேயுது" என்று சொல்லிவிட்டு அவளும் எழுந்து நடக்க ஆரம்பித்தாள். காதை மட்டும் தெருப்பக்கமே வைத்திருந்தேன்.

தெருமுனையிலிருந்தே குரல் வந்துவிட்டது.

"சித்தீ!"

அக்கா முந்திக்கொண்டு ஓடினாள், என்னால் ஓட முடியவில்லை. வாசலில் தலையைக் குனிந்து நுழைகிறவள் அன்றைக்குக் குனிய மறந்து நிலைப்படியில் நங்கென்று இடித்துக்கொண்டாள். இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். பின்னாலேயே வந்த முக்காலி, "தலையுமா? தோளுக்கு மேல இருக்கற எதையும் இவ பத்திரமா வச்சிக்க மாட்டா" என்றாள்.

இப்போது அந்தக் கூடத்தில் மரத்தட்டுகள் நிறைய இருக்கின்றன. முட்டிவலிக்காரி ஒருத்தி தன் உயரத்துக்கு அறுத்து வாங்கிக்கொண்டாள். நிறைமாதக்காரிக்கு மச்சானின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். யாருக்காவது அடிபட்டு டாக்டர் சீட்டோடு வந்தால், சூப்பர்வைசர் அதைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே வரிசையிலிருந்து யாராவது ஒருத்தி குரல் கொடுக்கிறாளாம்: "சார், ரெண்டாவது வரியையும் படிங்க!"

ஏணி இன்னும் தலை வாரிக்கொள்வதில்லை. என் அக்காதான் வாரிவிடுகிறாள். இப்போதெல்லாம் அக்கா எட்டிப் பிடித்து அலுத்துக்கொள்வதில்லை. அறுத்தது போக மிச்சமிருந்த துண்டில் என் அக்காள் மகன் அவளுக்கும் ஒரு பலகை செய்து கொடுத்திருக்கிறான். அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, "அசையாத இரு. வேலைக்கு நேரமாச்சு பாரு" என்று மருமகளை அதட்டிக்கொண்டு வாருகிறாள்.